குப்புராஜ் சொன்ன நம்பர்

செம்பாக்கத்தில் போய் குப்புராஜ் வீடு எது என்று கேட்டால், "வெள்ளைக்காரன் புஸ்தகம் டைப் அடிக்கிறாரே, அவரா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். அவனேதான். வயது நாற்பத்திரண்டு. மனைவி பேர் தனம். பிளஸ் டூ படிக்கிற ஒரு மகள். கிக்கர் உதைத்தால் மூன்றாவது உதையில் கிளம்புகிற ஒரு ஸ்கூட்டர். பிரெஞ்சு தெரியாது, ஜெர்மன் தெரியாது, இங்கிலீஷே தட்டுத் தடுமாறித்தான். ஆனால் பதினேழு வருஷமாக அந்த பாஷைகளில் வந்த புத்தகங்களை எல்லாம் பத்து விரலால் அடித்துத் தள்ளியிருக்கிறான். அதில் ஒன்றைக்கூட அவன் படித்ததில்லை. அதற்காக வருத்தப்பட்டதும் இல்லை.

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி ஐந்து நிமிஷம் நடந்தால் ஆபீஸ். மூன்றாவது மாடியில் ஒரே ஹால், பதினெட்டு சீட்டு. வெளிநாட்டுப் பதிப்பாளர்கள் அனுப்பும் பக்கங்களை டைப் செய்து, பிழை பார்த்து, திருப்பி அனுப்புவது தொழில். இதில் ஒரு வம்பு உண்டு. நம் கீபோர்டில் இருப்பது இங்கிலீஷின் இருபத்தாறு எழுத்து. ஐரோப்பாக்காரனுக்கு அது போதாது. e தலைமேல் ஒரு குச்சி வைப்பான், u தலைமேல் ரெண்டு பொட்டு வைப்பான், c-க்கு வால் ஒட்டுவான். குச்சி விட்டுப்போனால் புத்தகம் எழுதியவர் பேரே தப்பாகிவிடும். பேர் தப்பானால் மறுநாள் காலையில் மெயிலில் திட்டு வரும்.

அந்த எழுத்துகளைக் கொண்டுவர ஒரு வழி இருக்கிறது. இடது கையால் ஆல்ட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீபோர்டின் வலது ஓரத்து நம்பர் பட்டன்களில் நாலு எண்ணைத் தட்ட வேண்டும். கையை எடுத்தால் எழுத்து வந்து நிற்கும். குச்சி வைத்த é-க்கு 0233. வால் வைத்த ç-க்கு 0231. இப்படி நூறுக்கு மேல் உண்டு, அத்தனையும் குப்புராஜுக்கு மனப்பாடம். வேலையில் சேர்ந்த புதிதில் ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது, போகிற வருகிற வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் பார்த்துப் பார்த்தே பழகிக்கொண்டான். 0241 என்று ஒரு லாரி போனால் அவன் கண்ணுக்கு n மேல் ஒரு பாம்பு நெளியும். இன்னும் அப்படித்தான்.

ஹாலில் யாருக்கும் அந்த எழுத்துகளின் முறையான பேர் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை. அவரவர் கண்ணுக்குப் பட்டதே பேர். "ண்ணா, n மேல பாம்பு?" என்று ஒரு மூலையிலிருந்து குரல் வரும். "ஜீரோ டூ ஃபோர் ஒன்." "o-வுல குறுக்கு கோடு?" "ஜீரோ டூ ஃபோர் எயிட்." தலையைக்கூடத் தூக்க மாட்டான். தன் வேலையை அடித்துக்கொண்டே சொல்வான். அவன் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் நாலு தட்டு கேட்கும். ஜன்னல் ஓரத்துச் சுவரில் இந்த நம்பர்களை எல்லாம் அச்சடித்த ஒரு சார்ட் இருந்தது, அதன்மேல் ஒரு ஹார்டுவேர் கடைக் காலண்டரை மாட்டியிருந்தார்கள். சார்ட் அங்கே இருப்பதையே பாதிப் பேர் மறந்துவிட்டார்கள். மேனேஜர் அரிகிருஷ்ணன் சார், ஆபீஸைப் பார்க்க வருகிற பெரிய மனிதர்களிடம், "சார்ட்ல பிரிண்ட் மிஸ்டேக் இருக்கலாம் சார், குப்புராஜ் சொன்னா மிஸ்டேக் இருக்காது" என்பார். அன்றைக்கெல்லாம் குப்புராஜுக்குச் சோறு ரெண்டு பிடி கூடுதலாக இறங்கும்.

அவனிடம் இருந்த சொத்து அவ்வளவுதான். அதில்தான் ஜோஷ்வா வந்து கைவைத்தான்.

போன ஜூன் மாதம் வந்தான். பள்ளிக்கரணைக்காரன். முன்பு வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள், அதனால் இங்கே. குப்புராஜுக்கு அவன் ஒரு வயது இளையவன், தலையில் நரைகூட சரியாக விழவில்லை. குப்புராஜின் கண்ணில் முதலில் பட்டது அந்தத் தலைதான். ஜாஸ்மின் என்று ஒரு பெண், சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகிறது, அவளுக்கு அடுத்த சீட்டை ஜோஷ்வாவுக்குக் கொடுத்தார்கள். முதல் நாளே ஜாஸ்மின் வழக்கம்போல, "குப்பண்ணா, e மேல குச்சி?" என்று குரல் கொடுத்தாள். அவன் ஜீரோ டூ என்று ஆரம்பிப்பதற்குள் ஜோஷ்வா எட்டி, அவள் கீபோர்டில் ரெண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தி, மேல் வரிசையில் இருக்கிற 2 என்ற பட்டனை ஒரே ஒரு தட்டு தட்டினான். é வந்து நின்றது.

"ஐ! எப்டிண்ணா?" என்றாள் ஜாஸ்மின்.

"ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கீபோர்டு கீதும்மா. எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளயே கீது, மாத்திகினா போதும். பட்டன் மேல போட்டுக்கிற எழுத்த பாக்காத. மேல கீறது இங்கிலீஷு. உள்ள கீறது வேற."

ஹாலே திரும்பிப் பார்த்தது. குப்புராஜ் திரும்பவில்லை. டூ த்ரீ த்ரீ என்ற மிச்சத்தை விழுங்கிவிட்டு, அடித்துக்கொண்டிருந்த வரியையே மறுபடி அடித்தான்.

அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல்தான். ஜோஷ்வா பிரெஞ்சுக்கு ஒன்று, ஜெர்மனுக்கு ஒன்று, ஸ்பானிஷுக்கு ஒன்று, டேனிஷுக்கு ஒன்று என்று நாலு கீபோர்டைத் தன் விரலுக்குள் வைத்திருந்தான். பிரெஞ்சுக்குப் போனால் a என்று போட்டிருக்கிற பட்டனில் q வரும், q-வில் a வரும். அவன் கைக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. குப்புராஜ் ஒரு எழுத்துக்கு ஐந்து தட்டு தட்டினால் அவனுக்கு ஒரே தட்டு. சாயங்காலம் பக்கக் கணக்கு வரும்போது ஜோஷ்வா நாலு பக்கமாவது கூட அடித்திருப்பான். போதாக்குறைக்கு அடிக்கும்போது வாய்க்குள் ஏதாவது சர்ச் பாட்டை முனகிக்கொண்டே அடிப்பான். குப்புராஜுக்கு அந்தப் பாட்டு வேறு காதில் குத்தும்.

ஒரு நாளைக்கு ஐம்பது முறையாவது "குப்பண்ணா" என்று குரல் கேட்ட ஹால் அது. ஜூலையில் முப்பது ஆயிற்று. ஆகஸ்டில் பன்னிரண்டு. எண்ணினானா என்றால், எண்ணினான். ஒரு துண்டுக் காகிதத்தில் கோடு போட்டு எண்ணி, அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவான். இதைவிடக் கொடுமை, ஜோஷ்வா ஒரு தடவைகூட அவனை நம்பர் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை கேட்டால் போதும், மனசு ஆறிவிடும் என்று இருந்தது குப்புராஜுக்கு. ஜோஷ்வா எதற்குக் கேட்க வேண்டும்?

வீட்டிலும் அதே பேச்சு. ஜோஷ்வா வண்டியை நிழலில் விட்டான், ஜோஷ்வாவுக்கு சார் டீ வாங்கிக் கொடுத்தார், ஜோஷ்வாவின் சட்டை கசங்குவதே இல்லை.

"இன்னா நீ, வூட்டுக்கு வந்தாலும் ஜோஷ்வா ஜோஷ்வான்ற? உன் பொண்டாட்டி நானா, அவரா?" என்றாள் தனம்.

"அவன் பேரையே நான் எடுக்கல."

"இப்ப ஒரே மூச்சுல மூணு தபா எடுத்த."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகள் டியூஷனுக்குப் போயிருந்தபோது, அவள் லேப்டாப்பை எடுத்துவைத்துக்கொண்டு பிரெஞ்சு கீபோர்டுக்கு மாற்றிப் பார்த்தான். தன் பேரை அடித்தான். அதில் இருக்கிற a, q ஆகி வந்தது. சரி, பழைய வழியில் போவோம் என்றால் அந்த லேப்டாப்பில் வலது பக்கத்து நம்பர் பட்டன்களே கிடையாது. பதினேழு வருஷத்து மனப்பாடத்தை வைத்துக்கொண்டு ஒரு குச்சி வைக்க முடியாமல் அரைமணி உட்கார்ந்திருந்தான். தனம் துணி மடித்துக்கொண்டே பார்த்தாள். "வாணாம் உடு" என்று மட்டும் சொன்னாள். அவள் கிண்டல் செய்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

அக்டோபரில் அரிகிருஷ்ணன் சார் எல்லோரையும் கூட்டி ஒரு சேதி சொன்னார். பிரான்ஸிலிருந்து ஒரு பெரிய பதிப்பாளர் வருஷம் முழுக்க வேலை தரப்போகிறார். அந்த வேலைக்கென்று ஒரு பொறுப்பாளர் வேண்டும், பேரோடு கேட்கிறார்கள். ஹால் கடைசியில் சும்மா கிடக்கிற கண்ணாடி ரூம் அந்த ஆளுக்கு. "குப்புராஜ், ஜோஷ்வா, ரெண்டு பேருக்கும் ஒரே நாப்பது பக்கம் கொடுக்கப் போறேன். ரெண்டு மணி நேரம். அவங்களே திருத்தி மார்க் போடுவாங்க. மொதல்ல தப்பு பார்ப்பாங்க, அப்பறம் டைம். தனியா எங்கயும் உக்கார வேணாம், தினமும் எப்படி வேலை செய்றீங்களோ அப்படியே செய்ங்க."

குப்புராஜுக்கு முடிவு அப்போதே தெரிந்துவிட்டது. தப்பில் ரெண்டு பேரும் ஒன்றுதான். நேரத்தில் அவன் எங்கே, ஜோஷ்வா எங்கே. அந்த ரூமுக்குள் ஜோஷ்வா உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடி வழியாக தினம் பார்க்க வேண்டும் என்று நினைத்தபோது, சாப்பிட்டது நெஞ்சிலேயே நின்றது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆரம்பித்தார்கள். இதய நோய் பற்றிய புத்தகம். இதயத்துக்கு பிரெஞ்சில் சொல்கிற சொல்லின் நடுவில் ஓவும் ஈயும் ஒட்டிக்கொண்டு ஒரே எழுத்தாக, œ என்று கிடக்கும். பக்கத்துக்கு மூன்று தடவை, நாலு தடவை. அதுவரை வந்த வேலைகளில் அந்த எழுத்து அபூர்வமாகத்தான் வந்திருந்தது, வந்தாலும் அந்தப் பக்கம் ஜோஷ்வா கைக்குப் போனதில்லை. இன்றைக்கு முதல் பக்கம், மூன்றாவது வரியிலேயே வந்து நின்றது. ஜோஷ்வாவின் விரல் நின்றது. முனகல் நின்றது. அவன் பழகியிருந்த பிரெஞ்சு கீபோர்டில் எல்லாம் இருந்தது, அந்த ஒரு எழுத்தைத் தவிர.

"குப்பு," என்று குரல் வந்தது. "இந்த ஓவும் ஈயும் ஒட்டிகினு கீதே, அதுக்கு இன்னா நம்பரு?"

கேட்டேவிட்டான். நாலு மாதமாக எதற்கு ஏங்கினானோ அது நடந்தேவிட்டது. குப்புராஜுக்கு உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி ஓடியது. ஜீரோ ஒன் ஃபைவ் சிக்ஸ். நாக்கு நுனியில் இருந்தது. தலையைத் தூக்காமல், கையை நிறுத்தாமல், எப்போதும் சொல்கிற அதே குரலில் சொன்னான்.

"ஜீரோ டூ த்ரீ ஜீரோ."

அது வேறு எழுத்து. ஏயும் ஈயும் ஒட்டிய æ. டேனிஷ்காரர்கள் பேரில் வருவது. சின்ன எழுத்தில், சாய்வாக அச்சடித்திருந்தால் இரண்டையும் ஒன்று என்றே சொல்லிவிடலாம்.

"டேங்ஸ் மச்சான்" என்றான் ஜோஷ்வா. நாலு தட்டு கேட்டது. முனகல் மறுபடி ஆரம்பித்தது.

திட்டம் போட்டுச் செய்ததில்லை. ஜோஷ்வா கேட்பான் என்றே அவனுக்குத் தெரியாது. வாயில் வந்துவிட்டது. அதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அதற்கப்புறம் ஒரு மணி ஐம்பது நிமிஷம் இருந்தது. "ஏய், தப்பா சொல்லிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒவ்வொரு பக்கத்திலும் அந்த எழுத்து வரும்போதெல்லாம் குப்புராஜ் 0156 என்று தன் கீபோர்டில் தட்டினான், பக்கத்து வரிசையில் ஜோஷ்வா 0230 என்று தட்டுவதைக் கேட்டான். நம்பர் பட்டன் சத்தத்தை வைத்தே எந்த எண் என்று சொல்லிவிடுகிற காது அவனுக்கு. நடுவில் ஒருமுறை நிமிர்ந்தபோது ஜாஸ்மின் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தலைக்குப் பின்னால் கடிகாரம் இருந்தது. மணி பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

ஜோஷ்வா இருபது நிமிஷம் முன்னாலேயே முடித்துவிட்டு டீ குடிக்கப் போனான்.

திங்கட்கிழமை மார்க் வந்தது. குப்புராஜுக்கு மூன்று தப்பு. ஜோஷ்வாவுக்கு ரெண்டே தப்பு, அதோடு ஒரே எழுத்து நூற்று முப்பத்தேழு இடத்தில் தப்பு. அரிகிருஷ்ணன் சார் தாளை ஜோஷ்வா மேஜைமேல் வைத்தார். பக்கமெல்லாம் சிவப்பு வட்டம்.

"என்ன ஜோஷ்வா இது? எல்லா இடத்துலயும் ஒரே தப்பு?"

ஜோஷ்வா தாளைப் புரட்டிப் பார்த்தான். ஒரு பக்கம், ரெண்டு பக்கம், அப்புறம் புரட்டவில்லை. ஹாலில் ஒரு கீபோர்டு சத்தம் இல்லை.

"என் தப்புதான் சார். நான்தான் தப்பா அடிச்சிட்டேன்."

கண்ணாடி ரூம் குப்புராஜுக்குக் கிடைத்தது. தனம் கேசரி கிளறி ஆபீஸுக்குக் கொடுத்தனுப்பினாள். ஜோஷ்வாதான் முதலில் ஸ்பூன் போட்டான், "ஸ்வீட்டு தூக்கலா கீது, சிஸ்டருக்கு டேங்ஸ் சொல்லு" என்றான். அதற்கும் குப்புராஜுக்கு எரிச்சல் வந்தது. தோற்றவன் கொஞ்சமாவது முகம் சுண்ட வேண்டாமா? தான் தோற்றிருந்தால் ஒரு வாரத்துக்குச் சோறு இறங்கியிருக்காதே. இவனுக்கு மட்டும் எப்படி இறங்குகிறது?

ரூமில் ஏசி இருந்தது. சுழல்கிற நாற்காலி இருந்தது. கதவைச் சாத்தினால் ஒரு சத்தம் உள்ளே வராது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் எல்லோருடைய வாயும் அசைவது தெரியும், ஜோஷ்வா சீட்டைச் சுற்றி ரெண்டு பேர் நிற்பது தெரியும், சிரிப்பது தெரியும். என்ன என்று தெரியாது. நாற்காலி தன்னிடம் வந்தாலும் ஹால் அவனிடமே நின்றுவிட்டதே என்று, ஜெயித்தவன் தோற்றவனைப் பார்த்து வயிறு எரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் மழை. தண்ணீர் பிடிக்க வெளியே வந்தான். ஹாலில் டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு லிஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது வரிசையில் யாரோ பழக்க தோஷத்தில், "ஏயும் ஈயும் ஒட்டினது, நம்பர்?" என்று குரல் கொடுத்தார்கள். குப்புராஜ் வாயைத் திறந்தான்.

"ஜீரோ டூ த்ரீ ஜீரோ."

சொன்னது அவன் இல்லை. நாலு மூலையிலிருந்து நாலு குரல் ஒன்றாகச் சொன்னது. அதில் ஒன்று ஜாஸ்மினுடையது. சொன்ன அடுத்த கணம் அவள் அவன் நிற்பதைப் பார்த்தாள், முகம் மாறியது, குனிந்து கீபோர்டைப் பார்த்துக்கொண்டாள். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்தார்கள்.

பாட்டில் நிரம்பித் தண்ணீர் கையில் வழிந்தது. குப்புராஜுக்கு அது தெரியவில்லை. இத்தனை வருஷம் இந்த ஹாலில் கத்திக் கத்திச் சொன்னது வேறு எங்கே போயிருக்கும்? இவர்கள் காதுக்குத்தான் போயிருக்கிறது. அந்த 0230 என்ன எழுத்து என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும், அவனே சொல்லிக்கொடுத்தது. ஜோஷ்வா ஒருவனுக்குத்தான் தெரியாது, அவன் புதுசு. அன்றைக்கு வெள்ளிக்கிழமை குப்புராஜ் அந்த நம்பரை உரக்கச் சொன்னபோது இந்த ஹால் முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஜாஸ்மின் மணி பார்க்கவில்லை. அவன் வாயைப் பார்த்தாள், இப்போது திருத்துவான், இப்போது திருத்துவான் என்று. ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேசரியும் சாப்பிட்டார்கள்.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. கீழே டீக்கடையில் ஜோஷ்வா தனியாக நின்றான். குப்புராஜ் பக்கத்தில் போய் நின்றான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"ஜீரோ ஒன் ஃபைவ் சிக்ஸ்" என்றான்.

ஜோஷ்வா டீயை ஒரு வாய் குடித்தான். "தெரியும் மச்சான். அன்னிக்கு சாயங்காலமே ஜாஸ்மின் சொல்ச்சு."

"அன்னிக்கேவா? மார்க் வர்றதுக்கு முன்னாடியேவா?"

"ஆமா."

"அப்பறம் ஏன்யா சார்கிட்ட உன் தப்புன்ன?"

"என் தப்புதான்." ஜோஷ்வா கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஸ்கிரீன்ல அது வேற மாறி வந்துச்சு. எனக்கே தெரிஞ்சிது, இது டேனிஷ் எழுத்தாச்சேனு. நிறுத்திட்டு பாத்தேன். அப்பால, குப்பு சொன்ன நம்பராச்சே, புக்கு பிரின்ட்லதான் எழுத்து தேஞ்சி போயிகீது போலனு உட்டுட்டேன். என் கண்ணு பொய் சொல்லும், குப்பு நம்பரு பொய் சொல்லாதுன்னுதான நாலு மாசமா எல்லாரும் சொல்லிகினு இருந்தாங்க."

ஜோஷ்வா அடித்திருந்தால்கூட குப்புராஜ் தாங்கியிருப்பான். சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்டிருந்தால் பதிலுக்கு ரெண்டு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த அழுகைக்கு நடுவிலும் வயிறு எரிந்ததுதான் வெட்கக்கேடு. தன் கண்ணே சொன்னதை விட்டுவிட்டு இன்னொருத்தன் சொன்னதை நம்ப இவனுக்கு எப்படி முடிந்தது? எனக்கு ஏன் ஒரு நாளும் முடியாது? விரலில் நாலு கீபோர்டு வைத்திருந்ததற்குப் பட்ட பொறாமையெல்லாம் இந்தப் பொறாமைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"சாருகிட்ட சொல்லிடறேன்" என்றான்.

"உன் இஷ்டம்" என்றான் ஜோஷ்வா. வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை அரிகிருஷ்ணன் சாரிடம் போய் நின்று, ஒன்று விடாமல் சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அவங்க உன் பேர்ல லாகின் போட்டு, உன் பேர்ல ரெண்டு புத்தகம் போயாச்சு. இப்ப ஆள மாத்தினா ஏன்னு கேப்பாங்க. கேட்டா நான் என்ன சொல்றது? எங்க ஆபீஸ்ல இப்படித்தான்னு சொல்லவா?" என்றார். "போய் உக்காரு. அந்த சேர்லயே உக்காரு." நாற்காலியைப் பிடுங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அது நடக்கவில்லை.

அதிலிருந்து குப்புராஜ் கண்ணாடிக் கதவைச் சாத்துவதில்லை. பழைய பேப்பரை நாலாக மடித்துக் கதவுக்கு அடியில் செருகி, ஒரு சாண் திறந்து வைத்தான். ஏசி வீணாகிறது என்று சார் ஒருமுறை சொன்னார், அப்புறம் விட்டுவிட்டார். ஹால் சத்தம் உள்ளே வந்தது. கீபோர்டு சத்தம், ஜாஸ்மின் சிரிப்பு, ஜோஷ்வாவின் முனகல். "குப்பண்ணா" மட்டும் வரவில்லை. வணக்கம் சொன்னார்கள், மகள் படிப்பை விசாரித்தார்கள், பொங்கலுக்கு ஊருக்குப் போவதைப் பற்றிப் பேசினார்கள். நம்பர் மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஜனவரி முதல் வாரத்தில் பழைய காலண்டரை எடுத்துவிட்டு ஜாஸ்மின் புதுசு மாட்டினாள். ஆணி ஆடுகிறது என்று எதிர்ச் சுவரில் மாட்டினாள். பழைய இடத்தில் சார்ட் வெளியே தெரிந்தது. நாலு ஓரமும் மஞ்சளாகி, நடுவில் காலண்டர் மூடியிருந்த சதுரம் மட்டும் புத்தம் புதுசாக வெள்ளையாக இருந்தது.

பொங்கல் முடிந்து வேலைக்கு வந்த இரண்டாம் நாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். பிரெஞ்சு வேலை அதிகமானதால் குப்புராஜே ஒரு பகுதியை ஜோஷ்வாவுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தான். முனகல் கேட்டுக்கொண்டிருந்தது. நின்றது.

"குப்பு!" என்று குரல் வந்தது. "ஓவும் ஈயும் ஒட்டினது. நம்பரு இன்னா?"

ஹாலில் இருந்த கீபோர்டு சத்தமெல்லாம் ஒரே நேரத்தில் நின்றது. ஜோஷ்வாவுக்கு அந்த நம்பர் தெரியும். டீக்கடையில் குப்புராஜே சொன்ன நம்பர்தான். தெரிந்துதான் கேட்கிறான். குப்புராஜ் எழுந்து கதவருகே வந்தான்.

"ஜீரோ ஒன் ஃபைவ் சிக்ஸ்" என்றான்.

முன்பெல்லாம் அவன் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் நாலு தட்டு கேட்டுவிடும். இப்போது கேட்கவில்லை. கதவிடுக்கில் பார்த்தான். ஜோஷ்வாவின் தலை நிமிர்ந்திருந்தது. கண் ஜன்னல் ஓரத்துச் சார்ட்டுக்குப் போய், ஒரு வரிசையில் இறங்கி, ஓரிடத்தில் நின்றது. வேண்டுமென்று செய்ததில்லை, தன்னால் போன கண். ஒரு நொடிதான் இருக்கும். அப்புறம் நாலு தட்டு கேட்டது.

"கரெக்டு மச்சான்" என்றான் ஜோஷ்வா. "டேங்ஸ்."

ஹால் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. குப்புராஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பதினேழு வருஷத்தில் அவன் சொன்ன நம்பருக்கு யாரும் கரெக்ட் என்று சொன்னதே இல்லை.